இந்த வருஷம் என்ன பயிர்?

திருநின்றவூர்
4.11.2001

அன்புத் தங்கை முத்துவுக்கு,

நான் சௌக்கியம். இடது கண்ணில் புரை எடுத்த பிறகு பேப்பரின் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்துவரை தெரிகிறது. அங்கேதான் உன் பெயரைப் பார்த்தேன். செங்கழனி பேரூராட்சித் தலைவர், முத்தம்மாள் முனுசாமி. கீழ்வீட்டுக்காரியைக் கூப்பிட்டு அவளையும் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஓட்டுக் கேட்டுத் தெருத்தெருவாக நடந்ததில் வீங்கியிருக்கும். தைலம் தடவு.

போனில் வாழ்த்தியிருக்கலாம். ஆனால் இப்போதெல்லாம் போனில் எனக்கு இரைச்சல்தான் கேட்கிறது, பேச்சு கேட்பதில்லை. ஆகவே கடிதம். நீயும் கடிதமே எழுது. பேசுவதைப் போல எழுதாதே, எழுதுவதைப் போல எழுது.

பெண்களுக்கு ஒதுக்கிய இடம் என்பதால் உன் வீட்டுக்காரரை நிறுத்த முடியாமல் உன்னை நிறுத்தினார்கள். இது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் ஓட்டு உன் பெயருக்கு விழுந்திருக்கிறது. தலைவர் நாற்காலியில் முனுசாமி ஒரு நிமிஷம்கூட உட்காரக் கூடாது. ஃபேன் காற்று அங்கேதான் நன்றாக வருகிறது என்று சொல்வார். அப்போதும் கூடாது.

படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே. ஐந்தாவதோடு நிறுத்திவிட்டார்களே என்று சாக்குச் சொல்லாதே. அப்பா என்னைக் கான்வென்ட்டில் சேர்த்தார், உன்னைச் சேர்க்கவில்லை. அது அவர் செய்த தப்பு. எழுத்துக் கூட்டியாவது படி. எதிரே நிற்பவர்கள் காத்திருக்கட்டும்.

இன்னும் ஒன்று, இதுதான் முக்கியம். நம் வீட்டு ஆட்களுக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயம் என்று ஒருநாளும் வைக்காதே. வைத்தாயானால் உனக்கு எதிராகக் கலெக்டருக்கு முதல் மனு எழுதுகிறவள் நானாக இருப்பேன்.

அப்பா எனக்குக் கொடுத்த ஏரிக்கரை நிலத்தில் குத்தகைக்காரன் தேசப்பன் நடவு முடித்துவிட்டானாம். கிணறு வழக்கம்போல நிறைந்திருக்கிறதாம். பொங்கலுக்கு உனக்கு ஒரு மூட்டை அரிசி வரும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
குணசுந்தரி

செங்கழனி
20.11.2001

அன்புள்ள அக்காவுக்கு முத்து எழுதுவது.

இங்கே எல்லாரும் நலம். கால் வீக்கம் வடிந்துவிட்டது. உன் கண்ணுக்கு மருந்து விடுவதை மறக்காதே.

முதல் கூட்டம் நடந்தது. நான் உள்ளே போவதற்குள் அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கவுன்சிலர்கள் எல்லாரும் அவரவர் இடத்தில் இருந்தார்கள். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். நின்றபடியே, "கூட்டத்த ஆரம்பிக்கலாம்" என்றேன்.

தலைவர் நிற்கும்போது நாம் எப்படி உட்கார்வது என்று ஒருவர் எழுந்தார். அதைப் பார்த்து எல்லாரும் எழுந்தார்கள். அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். முதல் தீர்மானத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன், நீ சொன்னபடி மெதுவாக. இரண்டாவது தீர்மானம் பாதி படிக்கும்போது சின்னராசுவுக்குத் தாங்கவில்லை. அவர்தான் துணைத் தலைவர், தண்ணீர் லாரி வைத்திருப்பவர், உடம்பும் லாரி போலத்தான்.

"யோவ் முனுசாமி, எயுந்திருய்யா. காலு நோவுது. உன் பொஞ்சாதி இன்னும் பத்து தீர்மானம் வெச்சினுகீது."

அவர் எழுந்தார். "இன்னாடி, ஒக்காந்தா தேஞ்சா பூடும்?" என்று என் காதோரம் கேட்டுவிட்டு வெளியே போனார். ராத்திரி சாப்பிடும்போது அவரே சிரித்துவிட்டார். இப்போது ஆபீசுக்கு வந்தால் வாசல் பெஞ்சில் உட்காருகிறார்.

அரிசி அனுப்பும்போது கொஞ்சம் தவிடும் அனுப்பச் சொல், மாட்டுக்கு.

முத்தம்மாள்

திருநின்றவூர்
2.6.2003

அன்புத் தங்கைக்கு,

நலம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன். ஒன்றரை வருஷமாக உன் கடிதங்களில் தெருவிளக்கு, சாக்கடை, பஸ் நிலையக் கழிப்பிடம் என்றே படித்து வருகிறேன். சலிக்கவில்லை. கழிப்பிடத் திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டும் படத்தைப் பேப்பரில் பார்த்தேன். கத்தரிக்கோலை இடது கையில் பிடித்திருக்கிறாய். பரவாயில்லை, முந்தானையைச் சரியாகச் சொருகியிருந்தாய்.

இங்கே வெயில் தாங்க முடியவில்லை. எங்கள் குடியிருப்பின் போர் வற்றி மாதம் இரண்டாகிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் லாரித் தண்ணீர். படியில் பக்கெட்டுகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். வரிசை ஒழுங்கை நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

நிலத்தில் தேசப்பன் இந்தப் போகம் நடவில்லை. மழை இல்லாமல் ஏன் ரிஸ்க் எடுப்பது என்கிறான். கிணறு சும்மா கிடக்க வேண்டாமே என்று ஏதோ ஏற்பாடு சொன்னான், சரி என்றேன்.

வீட்டுக்கு வெள்ளையடித்தேன். மகன் புனேவிலிருந்து அனுப்பிய மணியார்டரை இந்த மாதமும் திருப்பிவிட்டேன். எனக்கு யாரும் படியளக்க வேண்டியதில்லை.

முனுசாமியை விசாரித்ததாகச் சொல். பெஞ்சு சௌகரியமாக இருக்கிறதா?

குணசுந்தரி

செங்கழனி
28.6.2003

அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? தலை சுற்றல் வந்தால் வெயிலில் இறங்காதே. நாங்கள் இருக்கிறோம், அவ்வளவுதான்.

அக்கா, ஊருக்குத் தண்ணீர் கொடுக்கும் ஏரிக்கரை போர் காற்று வாங்குகிறது. நம் ஊரில் இப்படி ஆனதில்லை. நேற்றுக் காலை காலனிப் பெண்கள் குடங்களோடு ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். ஜாஹிதா என்று ஒரு பெண், மீன் வியாபாரம் செய்கிறவள், என் முகத்துக்கு நேராகக் கேட்டாள்.

"தலைவரம்மா, கொயாயில காத்துதான் வருது. புடிச்சினு போயி புள்ளைங்களுக்கு பலூன் ஊதிக் குடுக்கட்டா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அப்புறம் அவளே அழுதாள்.

எஞ்சினியர் வந்து பார்த்தார். போரைச் சுற்றியுள்ள விவசாயக் கிணறுகளில் இரவும் பகலும் மோட்டார் ஓடுகிறது, அதனால்தான் நம் போர் இறங்குகிறது என்றார். இலவச மின்சாரத்தில் இறைத்துத் தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்கு விற்கிறார்கள். ஏரிக்கரைச் சாலையில் லாரி லாரியாகப் போகிறது. சாலையே பள்ளமாகிவிட்டது.

நான் கரைமேல் போனேன். முழங்கால் இறங்கவிடவில்லை, அதனால் உன் நிலம் வரைக்கும் போகவில்லை. ஏற்பாடு என்று எழுதியிருந்தாயே. இந்த வருஷம் என்ன பயிர் வைத்திருக்கிறான் தேசப்பன்?

பதில் போடு.

முத்து

திருநின்றவூர்
20.7.2003

அன்புத் தங்கைக்கு,

தலை சுற்றல் இல்லை. உன் முழங்காலுக்கு ஒரு டாக்டரைப் பார். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

காலனிப் பெண்களை வெயிலில் உட்காரவைத்தது சரியில்லை. அடுத்த முறை ஹாலைத் திறந்து உட்காரச் சொல். தலைவர் கூட்டத்தில் சிரிக்கக் கூடாது.

லாரி விஷயத்தில் அவசரப்படாதே. கம்பெனிகள் மூடினால் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை போகும், அதையும் யோசி. லாரிக்காரர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. ஆடி பிறந்துவிட்டது, மழை எப்போது வேண்டுமானாலும் வரலாம். தீர்மானம் என்பது சுண்ணாம்பில் எழுதும் கோலம் இல்லை, நினைத்தால் அழிக்க.

உன் எழுத்து திருந்தியிருக்கிறது. ழகரம் இன்னும் கவனி.

குணசுந்தரி

செங்கழனி
5.8.2003

அக்காவுக்கு,

நலமா? இங்கே மழை இல்லை.

நீ சொன்னதை யோசித்தேன். கம்பெனிக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசினேன். அவர்களுக்குக் கடல்நீரைச் சுத்தம் செய்ய வழியிருக்கிறது, செலவு அதிகம் என்று தள்ளிப்போடுகிறார்கள். வேலையை நிறுத்த மாட்டார்கள்.

அதனால் கூட்டத்தில் பேச்சை எடுத்தேன். ஊர்ப் போருக்குப் பக்கத்தில் இருக்கிற ஐந்து கிணறுகளில் தண்ணீர் விற்கக் கூடாது, ஏரிக்கரைச் சாலையில் டேங்கர் ஓடக் கூடாது. சின்னராசு எழுந்து கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டே சிரித்தார். "வெய்யி, வெய்யி, தாராளமா வெய்யி. நீ எந்தக் கெணத்துல ஆரம்பிக்கிறன்னு பாக்கறேன்" என்றார். கவுன்சிலர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஏன் என்று நான் யாரையும் கேட்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தேன்.

அக்கா, போன கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தேன். நீ மறந்திருப்பாய். நிலத்தில் இந்த வருஷம் என்ன பயிர்?

தங்கை முத்து

திருநின்றவூர்
10.10.2003

முத்துவுக்கு,

இரண்டு மாதமாக எழுதவில்லை. காதில் சீழ். இப்போது தேவலை. உங்கள் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

சரஸ்வதி பூஜைக்குக் கீழ்வீட்டுக் குழந்தைகள் வந்திருந்தார்கள். சுண்டல் செய்தேன். உப்பு சற்றுத் தூக்கல். இங்கே லாரித் தண்ணீரின் விலையைக் கூட்டிவிட்டார்கள். அதைக் கேட்பாரில்லை.

நிலத்து விஷயமெல்லாம் தேசப்பன் பொறுப்பு. எழுபது வயதில் எனக்கு அங்கே என்ன முளைக்கிறது என்று பார்க்கிற வேலை கிடையாது. தலைவர் வேலை பார்க்கிறவள் தலைவர் வேலையைப் பார்.

கு.

செங்கழனி
22.10.2003

அக்காவுக்கு,

காது ஆறிவிட்டதா? வேப்பெண்ணெய் விடாதே, டாக்டர் கொடுத்ததையே விடு.

திங்கட்கிழமை காலையில் காலனிப் பெண்கள் ஏரிக்கரைச் சாலையை மறித்துவிட்டார்கள். போலீஸ் வருவதற்கு முன்னால் நான் போய்விட வேண்டும் என்று போனேன். முதல் லாரியின் டிரைவர் என்னைப் பார்த்ததும் இறங்கி வந்து கும்பிட்டான்.

"இன்னாம்மா நீயே வந்து மறிக்கிற? உங்கூட்டுத் தண்ணிதாம்மா இது."

பெண்கள் என்னைப் பார்த்தார்கள். ஜாஹிதா மட்டும் டிரைவரைப் பார்த்து, "தே, வாய மூடு. அம்மா எறங்கிப் பாக்கட்டும்" என்று என் கையைப் பிடித்துக் கரையிலிருந்து இறக்கிவிட்டாள்.

பார்த்தேன். அப்பாவின் கிணற்றிலிருந்து கை பருமனுக்கு ஒரு பச்சைக் குழாய் வரப்புமேல் படுத்திருக்கிறது. வயலில் லாரித் தடம்தான் இருக்கிறது. தேசப்பன் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். கூப்பிட்டேன். "பெரியம்மாவுக்குத் தெரியும் தாயி. நான் கேக்காம செய்யல" என்றான். நீ கேட்டிருந்தால் அவன் பொய் சொல்லியிருக்க மாட்டான் அக்கா. அவனுக்குப் பொய் வராது.

வீட்டில் அவர் சொல்கிறார், "உங்க அக்காளோடத வுட்டுட்டு மீதி நாலை மூடு. பெரிய மனுசி, தனியாக் கீறாங்க. ஊரும் ஒண்ணும் சொல்லாது." ஊர் ஒன்றும் சொல்லாது என்பது உண்மைதான். சின்னராசுவும் சொல்ல மாட்டார். அப்புறம் இந்த ஊரில் என்னால் யாரிடமும் எதையும் சொல்ல முடியாது.

நீ முதலில் எழுதிய கடிதத்தை எடுத்துப் படித்தேன். இப்போது எழுத்துக் கூட்டாமல் படிக்க வருகிறது.

தீர்மானம் நிறைவேறிவிட்டது. நோட்டீசு போகப்போகிறது. அதற்கு முன்னால் உன் வாயால் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றிருக்கிறது. மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். என்ன பயிர்? தீபாவளி கழிந்து இரண்டு வாரம் வரைக்கும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

முத்து

செங்கழனி பேரூராட்சி அலுவலகம்
17.11.2003

பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்

பெறுநர்: திருமதி குணசுந்தரி அவர்கள், திருநின்றவூர்.

அம்மையீர்,

பேரூராட்சிக் குடிநீர் ஆழ்துளைக் கிணற்றுக்கு அருகில், தங்கள் பெயரிலுள்ள ஏரிக்கரை நிலத்துக் கிணற்றிலிருந்து விவசாயத்துக்கு அல்லாமல் விற்பனைக்குத் தண்ணீர் எடுக்கப்படுவது நேரில் பார்வையிடப்பட்டது. மன்றத் தீர்மானத்தின்படி இந்த அறிவிப்புக் கிடைத்த ஏழு நாட்களுக்குள் அதை நிறுத்த வேண்டும். தவறினால் மின் இணைப்பைத் துண்டிக்க வட்டாட்சியருக்குப் பரிந்துரைக்கப்படும். அறிவிப்பு அனுப்பப்பட்ட ஐந்து நில உரிமையாளர்களின் பெயர்கள் கீழே தரப்பட்டுள்ளன.

முத்தம்மாள் முனுசாமி
தலைவர்

திருநின்றவூர்
26.11.2003

செங்கழனி பேரூராட்சித் தலைவர் அவர்களுக்கு,

தங்கள் அறிவிப்பு கிடைத்தது. ஒப்புகை அட்டையில் கையெழுத்திட்டேன். தபால்காரர் பேனா கொடுத்தார். வேண்டாம் என்று உள்ளே போய் என் பேனாவை எடுத்துவந்தேன்.

முத்து, இதற்கு மேல் தலைவர் அவர்களே என்று எழுத வரவில்லை.

முதலில் எனக்கு உன்மேல் ஆத்திரம்தான் வந்தது. ரிஜிஸ்டர் தபாலில், அச்சடித்த தாளில், என் தங்கை எனக்கு "அம்மையீர்" என்று எழுதுகிறாள். கிழித்துப்போட வேண்டும் என்று எடுத்தேன். கடைசியில் உன் கையெழுத்தைப் பார்த்தேன். ழகரமே இல்லாத பெயர் உனக்கு. நான் உன்னைத் திருத்த அதில் ஒன்றுமே இல்லை.

மறுநாள் ரயிலேறிச் சென்ட்ரலில் மாறிக் கும்மிடிப்பூண்டிக்கு வந்தேன். உனக்குச் சொல்லவில்லை. ஷேர் ஆட்டோவில் ஏரிக்கரைக்குப் போனேன். கரையில் காலனிப் பெண்களின் குடங்கள் நெடுக நின்றன. உன் பேரூராட்சி லாரி வருகிறது என்றார்கள். கிணற்றுக்கு இறங்கும் வழி குடங்களுக்கு அப்பால் இருந்ததால் வரிசைக்கு நடுவே புகுந்து நடந்தேன். ஒருத்தி, மீன்கூடை வாசனையோடு இருந்தாள், என் முன்னால் கையை நீட்டினாள்.

"ஆயா, எங்க நடுவுல பூர்ற? பின்னாடி போ. இங்க எல்லாருக்கும் ஒரே லைனுதான்."

எங்கள் குடியிருப்புப் படியில் நான் சொல்கிற வார்த்தை. நான் யார் என்று அவளுக்குச் சொல்லவில்லை. பின்னால் போய் நின்றேன். கையில் குடம் இல்லை. எனக்கு முன்னாலிருந்தவள் திரும்பிப் பார்த்து, "குடம் இல்லாம வந்துகினியே பாட்டி" என்று தன்னுடைய சின்னக் குடம் ஒன்றை என்னிடம் கொடுத்தாள். லாரி வந்து, என் முறை வந்து, அந்தக் குடம் நிறையும்வரை நின்றேன். அவளிடமே கொடுத்துவிட்டுக் கிணற்றுக்குப் போனேன்.

தேசப்பன் அங்கே இருந்தான். மோட்டாரைக் கழற்றச் சொன்னேன். கழற்றி மேலே வைக்கும்வரை வரப்பில் உட்கார்ந்திருந்தேன்.

நீ கேட்டாய். அவன் அந்த ஏற்பாட்டைச் சொன்னபோது தண்ணீர் எங்கே போகிறது என்று நான் கேட்கவில்லை. சென்னைக்குக் குடிக்கப் போகிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். கேட்டால் தெரிந்துபோகும், தெரிந்தால் நிறுத்த வேண்டிவரும், நிறுத்தினால் அந்தத் தண்ணீர்ப் பணம் வராது, மகனுடைய மணியார்டரைக் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். அதன் அடிச்சீட்டில் அவன் "அம்மாவின் மாதச் செலவுக்கு" என்று ஆங்கிலத்தில் எழுதுகிறான். வாட்ச்மேனுக்கு எழுதுவதைப் போல. அதைத் திருப்பி அனுப்பும் சந்தோஷத்துக்காக உன் ஊர்க் குடங்களைக் காலியாக வைத்தேன்.

பயிர் எதுவும் இல்லை. இதுதான் பதில்.

ஆனால் ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். அறிவிப்பில் ஐந்து பெயர்கள் இருக்கின்றன. என் பெயர் மூன்றாவதாக இருக்கிறது. தப்பு. முதலாவதாக இருந்திருக்க வேண்டும். ஊர் அதைத்தான் முதலில் தேடும்.

குணசுந்தரி

செங்கழனி
30.10.2004

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நன்றாக இருக்கிறாய் என்று கீழ்வீட்டுக்காரி போனில் சொன்னாள். பதினோரு மாதமாக மூன்று கடிதம் எழுதினேன், உன் பதில் இல்லை. கோபமா, வெட்கமா என்று அவர் கேட்கிறார். இரண்டும் எங்க அக்காவுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும் என்றேன்.

உன் மோட்டார் மேலேறிய மறுநாள் ஊர் முழுக்கப் பேச்சு. மீதி நாலு பேரும் ஏழு நாளுக்குள் நிறுத்திவிட்டார்கள். சின்னராசு எனக்கு எதிராக நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். பேசும்போது, "இந்தம்மா சொந்த அக்காளையே வுட்டு வெக்கலியே, நம்மள வுடுமா?" என்றார். குறையாகத்தான் சொன்னார். கேட்டவர்கள் எனக்கு ஓட்டுப் போட்டுவிட்டார்கள். பெயர் வரிசையைத் திருத்தி மன்றத்தில் மறுபடி பதிவு செய்திருக்கிறேன். நீதான் முதலில்.

கோடை முழுக்கக் கஷ்டம்தான். லாரிக்காகச் சண்டை, அடிதடி. ஜாஹிதாவை வரிசைக்குப் பொறுப்பாக வைத்தேன். உன்னைப் போலவே இருக்கிறாள், யாருக்கும் பிடிக்கவில்லை, யாரும் மீறுவதில்லை. ஆனால் ஊர்ப் போர் நிற்கவில்லை.

ஐப்பசி மழை இந்த வாரம் இறங்கியிருக்கிறது. நேற்று முழங்காலைக் கட்டிக்கொண்டு அப்பாவின் கிணற்றைப் போய்ப் பார்த்தேன். கீழ்ப்படிகள் மூழ்கிவிட்டன. லாரித் தடத்திலும் தண்ணீர் நிற்கிறது. தேசப்பன் பெரியம்மா வார்த்தை இல்லாமல் மண்வெட்டியை எடுக்க மாட்டேன் என்று கரையில் உட்கார்ந்திருக்கிறான்.

பழைய கேள்விதான் அக்கா, இப்போது வேறு மாதிரி கேட்கிறேன். எழுதுவதைப் போல எழுதவில்லை, மன்னித்துக்கொள். இந்த வருசம் இன்னா பயிர் வெக்கலாம்?

முத்து

திருநின்றவூர்
8.11.2004

அன்புத் தங்கைக்கு,

நான் சௌக்கியம். முழங்காலைக் கட்டிக்கொண்டு வயலில் இறங்குகிற வயசா உனக்கு?

நெல் வேண்டாம், கிணறு இன்னும் தேறவில்லை. மார்கழியில் வேர்க்கடலை போடச் சொல். விதைக்கு மகன் அனுப்பிய பணம் இருக்கிறது. இந்த மாதம் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

விதைக்கும் அன்று வருகிறேன். ஸ்டேஷனுக்குப் பேரூராட்சி ஜீப்பை அனுப்பாதே. அது ஊர் வண்டி.

உன் அக்கா,
குணசுந்தரி